காணாமற்போன தரவுத்தளம்: வீட்டுச் சேர்வர் வைத்திருப்போருக்குச் சில குறிப்புகள்

பழைய சஞ்சிகைகள், பள்ளிவாசல் கூட்ட அறிக்கைகள், கலியாணக் கார்டுகள், காணி உறுதிகள், குடும்பக் கடிதங்கள் என்று சேர்த்து வைத்திருப்போர் நமது ஊர்களில் பலர் உள்ளனர். முன்னர் இவை றங்குப் பெட்டியிலும் அலுமாரியிலும் கிடந்தன. இப்போது அவற்றை ஸ்கேன் பண்ணி, வீட்டு மூலையில் வைத்த ஒரு சின்னக் கணினியில் ஏற்றி, வீட்டு வைபை ஊடாகத் தேடிப் பார்க்கும் வழக்கம் மெல்ல மெல்ல வந்திருக்கிறது. 2005இல் நூலகம் திட்டம் தொடங்கிய பின்னர் எண்ணிமப்படுத்தல் என்ற சொல் நமக்குப் பழகிவிட்டது. ஆயினும் எல்லாச் சேகரிப்பும் பொதுவெளிக்குப் போகக்கூடியதன்று. காணி உறுதியையும் குடும்பப் பிணக்குக் கடிதத்தையும் இணையத்தில் போட யாரும் சம்மதிக்கமாட்டார்கள். ஆகையால் வீட்டுச் சேர்வர் என்பது வசதிக்காக மட்டும் வந்ததல்ல, அதற்கு ஒரு தேவையும் இருக்கிறது.

இப்படி அமைத்து வைத்திருப்போர் பலருக்கும் ஒரு நாள் நேரக்கூடிய பழுது ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். சேர்வர் எரிகிறது, மின்விளக்கு பச்சையாக இருக்கிறது, கோப்புகள் எல்லாம் வட்டில் இருக்கின்றன, ஆனால் பக்கம் திறக்கவில்லை. உள்ளே பார்த்தால் தரவுத்தளத்தைக் காணவில்லை. இது பயப்படத்தக்க பழுதாகத் தோன்றும். பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை. பயத்தில் செய்யும் வேலைதான் ஆபத்து.

முதலில் இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

கொள்கலன் என்றதும் நமக்குக் கொழும்புத் துறைமுகம்தான் ஞாபகம் வரும். இந்த உவமையும் கப்பற் துறையிலிருந்து வந்ததுதான். 1956 ஏப்ரலில் மல்கம் மக்லீன் என்ற அமெரிக்க லொறி முதலாளி ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டிக்குள் இருப்பது தேயிலையா, டயரா என்று பாரந்தூக்கிக்குத் தெரியத் தேவையில்லை. பெட்டியின் அளவும் பிடிக்கும் மூலையும் ஒரே மாதிரியாக இருந்தால் போதும். 2013இல் வெளிவந்த டொக்கர் என்ற மென்பொருள் இதைக் கணினிக்குள் செய்தது. ஒரு மென்பொருளையும் அது ஓடுவதற்குத் தேவையான சில்லறைச் சாமான்களையும் ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டால், எந்தக் கணினியிலும் அதே மாதிரி ஓடும். அந்தப் பெட்டிதான் கொள்கலன். அது எந்த அச்சிலிருந்து வார்க்கப்பட்டதோ அதற்கு இமேஜ் என்று பெயர்.

ஒரு வேலைக்கு ஒரு பெட்டி போதாது. ஆவணச் சேகரிப்புக்குப் பலரும் பயன்படுத்தும் பேப்பர்லெஸ் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொண்டால், வழக்கமாக அதற்கு ஆகக் குறைந்தது மூன்று பெட்டிகள் வைப்பார்கள். நாம் கண்ணால் பார்க்கும் பக்கத்தைத் தருவது ஒன்று. வேலைகளை வரிசைப்படுத்தும் ரெடிஸ் இரண்டாவது. தலைப்பு, திகதி, குறிப்பு, வகைப்பாடு எல்லாவற்றையும் எழுதி வைக்கும் தரவுத்தளம் மூன்றாவது. தரவுத்தளத்துக்குப் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ் வைப்பார்கள். 1986இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியின் பிள்ளை அது. இந்த மூன்றையும் எப்படிச் சேர்த்து ஓட்டுவது என்று ஒரு சிறிய எழுத்துக் கோப்பில் எழுதி வைத்தால், டொக்கர் கொம்போஸ் என்ற கருவி அதை வாசித்து எல்லாவற்றையும் எழுப்பிவிடும்.

பெட்டிகள் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிடும். கொம்போஸ் கோப்பில் தரவுத்தளத்துக்கு ‘டிபி’ என்று பெயர் வைத்திருந்தால், பக்கத்தைத் தரும் பெட்டி ‘டிபி எங்கே?’ என்று கேட்கும். டொக்கருக்குள் 127.0.0.11 என்ற முகவரியில் இருக்கும் ஒரு பெயர்ப் புத்தகம் அதற்குப் பதில் சொல்லும். முக்கியமான விடயம் இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் பெயர் மட்டுமே அந்தப் புத்தகத்தில் இருக்கும். நின்றுபோன பெட்டிக்குப் பெயரே இல்லை. ஆகையால் ‘டிபி என்றொருவரைத் தெரியாது’ என்ற பதிலைக் கண்டால், தரவுத்தளம் அழிந்துவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது. கதவு பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும்.

இனி நடந்த சம்பவத்துக்கு வருகிறேன். கல்முனைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருக்கிறார். ஊரின் பழைய ஆவணங்களைத் தேடி வீடு வீடாகப் போய் வாங்கி, ஸ்கேன் பண்ணி, மூலத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். 2004 சுனாமியில் அந்தக் கரையோரத்தில் எத்தனையோ வீட்டுப் பெட்டிகள் கடலோடு போனதைக் கண்டவர். மிஞ்சியதையாவது சேர்ப்போம் என்று தொடங்கிய வேலை, 4,000 ஆவணங்களைத் தாண்டிவிட்டது. சேர்வரைப் பூட்டிக் கொடுத்தவர் கட்டாரில் வேலை செய்யும் அவரது மருமகன்.

ஒரு நாள் காலையில் அதிபர் போன் எடுத்தார். “தம்பி, எல்லாம் போயிட்டு. மூணு வருசமா இருந்து அடிச்ச குறிப்பெல்லாம் போயிட்டு. பக்கம் வருகுதில்ல.”

“எப்ப இருந்து சேர்?”

“முந்தா நாள் கரண்ட் போய் வந்ததில இருந்து. இங்க ஒரு கொம்பியூட்டர்க் கடைப் பொடியன் வந்து பாத்தான். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டாச் சரி, பைலெல்லாம் டிஸ்கில இருக்கு எண்டான்.”

“கை வைக்க வேணாம் எண்டு சொல்லுங்க சேர். நான் வாறன்.”

அந்தப் பையன் சொன்னது பாதி உண்மை. பைல்கள் வட்டில் இருந்தன. ஆனால் எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டும். நாம் வேறுவிதமாகச் சொல்லி வைக்காவிட்டால், பேப்பர்லெஸ் மூலக் கோப்புகளை வெறும் எண்ணாகத்தான் பெயரிடும். 0000001, 0000002 என்று வரிசையாகப் போகும். 0002317 என்ற கோப்பு எந்த வீட்டுக் கடிதம், யார் யாருக்கு எழுதியது, படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யாருடைய மூத்தவாப்பா என்பதெல்லாம் தரவுத்தளத்துக்குள்தான் இருக்கிறது. அச்சிட்ட பக்கமானால் மறுபடி வாசிக்கவிட்டு ஓரளவு தேடியெடுக்கலாம். அதிபரிடம் இருந்தவற்றில் கணிசமானவை கையால் எழுதிய அரபுத்தமிழ்க் கடிதங்கள். அவற்றைக் கணினி வாசித்துத் தராது. அவர் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்டு எழுதிய முதியவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தால், 4,000 பெயரில்லாத படங்கள் மிஞ்சியிருக்கும்.

இப்படியான நேரத்தில் முதலில் தெரிந்திருக்க வேண்டியது எதைச் செய்யக்கூடாது என்பதே. கொம்போஸில் நிறுத்துவதற்கு மூன்று வழிகள் உண்டு. ‘ஸ்டொப்’ என்றால் பெட்டி நிற்கும், அப்படியே கிடக்கும். ‘டவுன்’ என்றால் பெட்டி கழற்றி வீசப்படும், ஆனால் தரவு இருக்கும் வொல்யூம் கிடக்கும். ‘டவுன் -வி’ என்றால் வொல்யூமும் சேர்ந்து போகும். இந்த ஒற்றை ‘வி’யைப் பற்றித் தெரியாமல் எத்தனை பேர் தட்டியிருப்பார்களோ! கேள்வி எதுவும் கேட்காது, ‘நிச்சயமா?’ என்றும் கேட்காது.

வொல்யூம் என்பது பெட்டிக்கு வெளியே, வட்டில் டொக்கர் ஒதுக்கி வைத்திருக்கும் இடம். பெட்டி வரும், போகும். தரவு அங்கேயே இருக்கும். ஆகையால் நான் போனதும் பார்த்தது பெட்டியை அல்ல, வொல்யூமை. ‘டொக்கர் வொல்யூம் எல்எஸ்’ என்று தட்டினால் பட்டியல் வரும். அதில் திட்டத்தின் பெயரும் ‘பிஜிடேட்டா’ என்ற பெயரும் ஒட்டியபடி ஒரு வரி இருந்தது. உள்ளே தரவுக் கோப்புறையில் பதிப்பு எண்ணை மட்டும் எழுதி வைத்த ஒரு சின்னக் கோப்பு இருக்கும். திறந்து பார்த்தேன், 17 என்று இருந்தது. அதிபரிடம், “இருக்கு சேர்” என்றேன். “என்ன இருக்கு?” என்றார். “எல்லாம்.” அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்தது, அந்த வொல்யூம் முழுவதையும் ஒரு வெளி வட்டுக்குப் பிரதி பண்ணியது. தரவுத்தளம் நின்ற நிலையில் எடுத்த பிரதி நம்பத்தக்கது. ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்புகளை வெறுமனே பிரதி பண்ணினால் பாதி எழுதிய பக்கங்களும் சேர்ந்து வரும், அதை நம்ப முடியாது. கால் மணித்தியாலம் போனது. பிளேன்டி வந்தது. இந்தக் கால் மணித்தியாலத்தை ஒருபோதும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது எனது கருத்து.

அடுத்தது பெட்டிகள். ‘டொக்கர் கொம்போஸ் பிஎஸ்’ என்று தட்டினால் ஓடும் பெட்டிகள் மட்டும் தெரியும். அதில் ரெடிஸ் இருந்தது, பக்கம் தரும் பெட்டி இருந்தது, டிபி இல்லை. இதைப் பார்த்துத்தான் கடைப் பையன் ‘தரவுத்தளம் இல்லை’ என்று முடிவு கட்டியிருக்கிறான். அதே கட்டளையின் பின்னால் ‘-ஏ’ சேர்த்தால் நின்றவையும் தெரியும். அப்போது டிபி வந்தது: எக்ஸிட்டட், அடைப்புக்குள் 255.

இன்னொரு அறிகுறியும் பட்டியலில் இருந்தது. இரண்டு நாளாக ஓடியிருக்க வேண்டிய பக்கப் பெட்டி, எழும்பி 12 செக்கன்தான் ஆகிறது என்று காட்டியது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் மறுபடியும் சில செக்கன். அது எழும்புகிறது, டிபியைத் தேடுகிறது, காணாமல் விழுகிறது, மறுபடி எழும்புகிறது. அதன் லொக்கைப் பார்த்தால் ‘போஸ்ட்கிரெஸ் தொடங்கும் வரை காத்திருக்கிறேன்’ என்ற பொருளில் வரிவரியாக இருந்தது. பழுது அந்தப் பெட்டியில் இல்லை. ஆனால் எல்லோரும் அதையே திறந்து திறந்து பார்ப்பார்கள், ஏனெனில் கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

வெளியேறிய எண் முக்கியமானது. 0 என்றால் யாரோ ஒழுங்காக நிறுத்தியிருக்கிறார்கள். 1 என்றால் பெரும்பாலும் உள்ளே ஏதோ பிடிக்கவில்லை, லொக்கை வாசிக்க வேண்டும். 137 என்றால் வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டது. நினைவகம் குறைந்த சின்னக் கணினிகளில் இது அடிக்கடி வரும், லினக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆகப் பெரிய ஆளைப் பிடித்துக் கொல்லும். 255ஐப் பொறுத்தவரை, கணினியே திடீரென்று அணைந்து, எழும்பியபின் டொக்கர் வந்து பார்த்து, ‘இது ஓடிக்கொண்டிருந்ததே, இப்போது இல்லையே’ என்று எழுதும்போது இந்த எண்ணைக் காணலாம். அதிபர் சொன்ன மின்தடையோடு இது பொருந்தியது.

மின்தடை நமக்குப் புதிதன்று. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருளில் இருந்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததே காரணம் என்று அமைச்சரே சொன்னார். நமது சேர்வர்கள் இப்படியான நாட்டில்தான் ஓட வேண்டியிருக்கிறது.

மூன்று பெட்டிகளும் ஒரே மின்தடையில் விழுந்தன. இரண்டு எழும்பின, ஒன்று எழும்பவில்லை. ஏன்? கொம்போஸ் கோப்பைத் திறந்தால் விடை இருந்தது. மற்ற இரண்டுக்கும் ‘ரீஸ்டார்ட்: அன்லெஸ் ஸ்டொப்ட்’ என்ற வரி இருந்தது. நாமாக நிறுத்தாத வரை விழுந்தால் எழுப்பு என்பது அதன் பொருள். டிபியின் கீழே அந்த வரி இல்லை. வரி இல்லாவிட்டால் டொக்கரின் இயல்பான நடத்தை ‘எழுப்பாதே’ என்பதாகும். இதற்கு முன்னர் கணினியை நிறுத்திய ஒவ்வொரு தடவையும் மருமகன் கட்டாரிலிருந்து உள்ளே வந்து கையால் எழுப்பியிருக்கிறார். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

பக்கப் பெட்டிக்குக் கீழே ‘டிபியில் தங்கியிருக்கிறது’ என்ற வரி இருக்கிறதே, அது டிபியை எழுப்பாதா என்று கேட்கலாம். அந்த வரியை மதிப்பது கொம்போஸ் மட்டும்தான், அதுவும் நாம் கட்டளை கொடுக்கும்போது. கணினி தானாக எழும்பும்போது பெட்டிகளை எழுப்புவது டொக்கர். அதற்கு யார் யாரில் தங்கியிருக்கிறார் என்பது தெரியாது, ஒவ்வொன்றின் ரீஸ்டார்ட் வரியை மட்டுமே பார்க்கும்.

அப்படியானால் ‘டொக்கர் கொம்போஸ் அப் -டி’ என்று தட்டி எல்லாவற்றையும் எழுப்பிவிட்டால் முடிந்ததுதானே? பெரும்பாலான வழிகாட்டிகள் இதையே சொல்லும். நான் தட்டவில்லை. கோப்பில் இமேஜின் பெயருக்குப் பின்னால் ‘லேட்டஸ்ட்’ என்று இருந்ததுதான் காரணம்.

‘லேட்டஸ்ட்’ என்பது ஒரு பதிப்பின் பெயரன்று. கடைசியாக இறக்கியது எதுவோ அதைக் குறிக்கும் ஒரு துண்டு, அவ்வளவுதான். பெட்டியைச் செய்த நாளில் அது 17ஆம் பதிப்பைக் குறித்திருந்தது. மருமகனிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன். “போன மாசம் புல் பண்ணி வச்சன் நானா, அப் குடுக்க நேரம் கிடைக்கல்ல” என்றார். ஆக, புதிய இமேஜ் இறங்கிவிட்டது, பழைய பெட்டி மட்டும் பழைய இமேஜில் நிற்கிறது. ‘டொக்கர் இன்ஸ்பெக்ட்’ மூலம் இரண்டையும் பார்த்தேன். நின்ற பெட்டிக்குள் போஸ்ட்கிரெஸ் 17, லேட்டஸ்ட் என்று பெயர் சூடிய இமேஜுக்குள் 18.

‘அப்’ என்ற கட்டளை கோப்பையும் பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்க்கும். இமேஜ் மாறியிருந்தால் பழைய பெட்டியைக் கழற்றி வீசிவிட்டு, புதிய இமேஜிலிருந்து புதிய பெட்டி செய்யும். அப்போது 18ஆம் பதிப்பு 17ஆம் பதிப்பின் தரவின் முன்னால் வந்து நிற்கும். போஸ்ட்கிரெஸ் தனது பெரிய பதிப்புகளுக்கிடையே தரவின் உள்ளமைப்பை மாற்றும், ஒன்றின் தரவை மற்றது நேரடியாகத் திறக்காது. 18இல் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டெம்பரில் வந்த அந்தப் பதிப்பின் டொக்கர் இமேஜ், தரவை வைக்கும் கோப்புறையையே ஒரு படி மேலே நகர்த்திவிட்டது. பழைய இடத்தில் வொல்யூமைப் பொருத்தியிருந்தால், இங்கே பழைய தரவு இருக்கிறதே என்று முறைப்பட்டுவிட்டு நின்றுவிடும். தரவைத் தொடாது, அதை மெச்சத்தான் வேண்டும். ஆனால் நிலைமை குழம்பிவிடும். சாதாரண மின்தடைப் பழுது, பதிப்புப் பிணக்காக மாறிவிடும். பதற்றத்தில் இருப்பவர் அதைப் பார்த்து ‘டவுன் -வி’க்குப் போய்விடுவார்.

ஆகையால் நான் தட்டியது ‘டொக்கர் கொம்போஸ் ஸ்டார்ட் டிபி’. ஸ்டார்ட் என்பது நின்ற அதே பெட்டியை, அதே பழைய இமேஜோடு, அப்படியே எழுப்பும். எதையும் ஒப்பிடாது, புதிதாகச் செய்யாது. ஒரு சொல்தான் வித்தியாசம்.

லொக்கைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். முதல் வரி தரவுத்தளம் இடையில் தடைப்பட்டது என்றது. இரண்டாவது, ஒழுங்காக மூடப்படவில்லை, தானாக மீட்டுக்கொண்டிருக்கிறேன் என்றது. அதிபர் “ஒழுங்கா மூடல்ல எண்டு கிடக்கே” என்று முகம் வாடினார். உண்மையில் நல்ல செய்தியே அதுதான்.

கடை நடத்துபவர்களுக்கு இது உடனே விளங்கும். சனம் நெருக்கும் நேரத்தில் முதலாளி பேரேட்டைத் திறந்து ஒவ்வொருவரின் பக்கத்தையும் தேடிப் பதிந்துகொண்டிருக்கமாட்டார். கையில் இருக்கும் கொப்பியில் ‘இன்னார், அரிசி, இவ்வளவு’ என்று வரிசையாகக் கிறுக்குவார். ஆறுதலாக இருக்கும்போது கொப்பியைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார். இடையில் விளக்கு அணைந்தாலும் கொப்பி இருக்கிறது. எங்கே நிறுத்தினோம் என்று பார்த்து அங்கிருந்து ஏற்றினால் கணக்குப் பிசகாது. போஸ்ட்கிரெஸ் செய்வதும் இதுவே. எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு முன்பதிவுக் கோப்பில் எழுதி, அது வட்டில் பதிந்ததை உறுதிப்படுத்திய பிறகே ‘செய்தாயிற்று’ என்று சொல்லும். பேரேட்டுக்கு அது பின்னர் போகும். மின்சாரம் போய் வந்தால், கடைசியாக எல்லாம் சரிபார்த்த இடத்திலிருந்து கொப்பியை மறுபடி வாசித்து ஏற்றிக்கொள்ளும். வட்டு பொய் சொல்லாத வரை இது தவறாது. மிக மலிவான சில வட்டுகள் எழுதாமலே ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்வதுண்டு, அங்கேதான் சிக்கல்.

சில செக்கன்களில் கடைசி வரி வந்தது: இணைப்புகளை ஏற்கத் தயார். பக்கப் பெட்டியைத் தொடவே இல்லை. அடுத்த முறை எழும்பியபோது டிபியைக் கண்டுகொண்டது. அதிபர் தேடல் பெட்டியில் ஒரு பெயரை அடித்தார். கடிதம் வந்தது, பக்கத்தில் அவர் எழுதிய குறிப்பும் வந்தது. மற்ற எதையும் பார்க்காமல் அந்தக் குறிப்பையே கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் இதே காரணமாக இருக்காது. ‘-ஏ’ போட்டும் டிபி வரவில்லை என்றால், கொம்போஸ் எந்தக் கோப்பை வாசிக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘டொக்கர் கொம்போஸ் கொன்பிக் சேர்விசஸ்’ என்று, கடைசிச் சொல்லுக்கு முன் இரண்டு சிறு கோடிட்டுத் தட்டினால், அது அறிந்த சேவைகளின் பெயர்கள் வரும். அங்கும் டிபி இல்லை என்றால் வேறு கோப்புறையில் நின்று தட்டுகிறீர்கள், அல்லது டிபியை எழுதிய இரண்டாவது கோப்பு இடம் மாறியிருக்கிறது, அல்லது அந்தச் சேவைக்கு ‘புரொபைல்’ என்றொரு வரி போட்டிருக்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வரும்.

இதைவிடச் சூழ்ச்சியான ஒன்றும் உண்டு. டிபி ஓடும், பக்கமும் திறக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது, புதிதாகப் பதிந்துகொள் என்று கேட்கும். கோப்புறையின் பெயரை மாற்றியவர்களுக்கு இது நேரும். நாம் வேறு பெயர் கொடுக்காவிட்டால் கொம்போஸ் கோப்புறையின் பெயரையே திட்டத்தின் பெயராக எடுத்து, வொல்யூமின் முன்னால் ஒட்டும். பெயர் மாறினால் புதிய வெறும் வொல்யூம் பிறக்கும், பழையது அனாதையாகக் கிடக்கும். வொல்யூம் பட்டியலில் ‘பிஜிடேட்டா’ இரண்டு தடவை வந்தால் இதுதான். கோப்புறைக்குப் பழைய பெயரைத் திருப்பி வைத்தால் சரி. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த அனாதையைத் துப்பரவாக்கிவிடாதீர்கள்.

டிபி ஓடுகிறது, ஆனால் பக்கப் பெட்டிக்கு எட்டவில்லை என்றால், அமைப்பில் தரவுத்தளத்தின் இடமாக ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் இருந்து பார்க்கும்போது அந்தச் சொல் அந்தப் பெட்டியையே குறிக்கும். தன் வீட்டுக்குள்ளேயே அயல்வீட்டுக்காரரைத் தேடுகிற மாதிரி. கடவுச்சொல் மறுக்கப்பட்டால், கோப்பில் யாரோ கடவுச்சொல்லை மாற்றியிருக்கலாம். கோப்பில் எழுதும் கடவுச்சொல்லை போஸ்ட்கிரெஸ் இமேஜ் முதன்முதல் வெறும் வொல்யூமில் மட்டுமே பார்க்கும், அதற்குப் பிறகு பழையதே செல்லும். வட்டு நிரம்பினாலும் போஸ்ட்கிரெஸ் நின்றுவிடும். ஸ்கேன் வேலை செய்பவர்களுக்கு இது கட்டாயம் ஒருநாள் வரும்.

அதிபர் வீட்டில் அன்றைக்கே மூன்று மாற்றம் செய்தோம். இமேஜின் பெயருக்குப் பின்னால் ‘லேட்டஸ்ட்’ என்பதை எடுத்துவிட்டு 17 என்று எழுதினோம். டிபிக்கு ரீஸ்டார்ட் வரி போட்டோம். ‘பிஜி இஸ்ரெடி’ என்ற சிறு கருவியால் தரவுத்தளத்தின் நாடியைப் பார்க்கும் பரிசோதனையையும் சேர்த்து, அது சரி என்ற பிறகே பக்கப் பெட்டி எழும்ப வேண்டும் என்று எழுதினோம். முன்னைய வரி டிபி எழும்பினால் போதும் என்று இருந்தது. எழும்புவதும் தயாராவதும் ஒன்றல்ல, நாமும் காலையில் அப்படித்தானே! பிறகுதான் ‘அப்’ கொடுத்தோம். இப்போது பெட்டி புதிதாகச் செய்யப்பட்டாலும் 17இலிருந்தே வரும்.

18க்குப் போகத்தான் வேண்டும், அவசரமில்லை. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருடம் திருத்தங்கள் வரும். போகும் நாளில், 17 ஓடும்போதே ‘பிஜி டம்ப்’ மூலம் எல்லாவற்றையும் ஓர் எழுத்துக் கோப்பாக இறக்கி, 18க்கு வேறு வெறும் வொல்யூம் கொடுத்து, புதிய இடத்தில் பொருத்தி, அந்தக் கோப்பை அதற்குள் ஏற்றுவதாக மருமகனோடு பேசி வைத்திருக்கிறோம். பழைய வொல்யூமை ஒரு மாதமாவது வைத்திருப்போம்.

அந்த ‘பிஜி டம்ப்’ இப்போது ஒவ்வோர் இரவும் தானாக ஓடுகிறது. 4,000 ஆவணங்களின் தலைப்பும் குறிப்பும் வாசித்த எழுத்தும் சேர்ந்தாலும், சுருக்கினால் ஒரு கலியாண வீடியோவின் சில நிமிடங்களுக்கு மேல் வராது. பேப்பர்லெஸுக்கென்று ‘டொக்கியூமென்ட் எக்ஸ்போர்ட்டர்’ என்ற தனிக் கருவியும் இருக்கிறது. அது ஆவணங்களையும், எந்த ஆவணத்துக்கு என்ன தலைப்பு, என்ன குறிப்பு என்ற பட்டியலையும் ஒரே கோப்புறையில் எழுதித் தரும். தரவுத்தளம் எந்தப் பதிப்பு, எந்த வகை என்பது அதற்குப் பொருட்டில்லை. அதிபருக்கு இதுதான் பிடித்தது, திறந்து கண்ணால் பார்க்கலாம் என்பதால். வெள்ளிக்கிழமைகளில் அதை ஒரு சிறிய வட்டில் எடுத்து மகள் வீட்டுக்கு அனுப்புகிறார். மகள் வீடு கடற்கரையிலிருந்து தூரம்.

முதல் வட்டை எனது மடிக்கணினியில் ஏற்றிப் பார்த்தோம். பேப்பர்லெஸைப் புதிதாக எழுப்பி, அந்தக் கோப்புறையைக் காட்டி, உள்ளே எடு என்று சொன்னோம். இரவுச் சாப்பாடு முடியும்வரை ஓடியது. எண்ணிக்கை சரியாக வந்தது. 0002317ஐத் திறந்தோம், குறிப்பும் இருந்தது. மேலே, பெயருக்கு நேரே ஓர் எழுத்துப்பிழை கிடந்தது. அதிபர் அதைத் திருத்தப் போனார். “அது பிரதி சேர், மற்றதில திருத்துங்க” என்றேன்.